கல்லு மேடம் போட்ட தப்புக் கணக்கு

பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். நியமன ஆணை சட்டைப் பையில் மடிப்புக் கலையாமல் இருந்தது. எங்கள் குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதிலும் படிக்கப் போய், பாடம் நடத்தத் திரும்பி வந்தவன். அந்த மிதப்பிலேயே ஆசிரியர் அறைக்குள் நுழைந்தேன். தோள்பையைக் கீழே வைப்பதற்குள் ஒரு குள்ளமான அம்மாள் வழிமறித்தார். நரைத்த கொண்டையில் ஒரு பென்சில் குத்தியிருந்தது. ஒரு கையில் தேநீர், இன்னொரு கையில் ரசீதுப் புத்தகம்.

"புதுசா?"

"ஆமா மேடம். கணிதத் துறை."

"உடம்புக்கு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லைங்க மேடம். நல்லா இருக்கேன்."

"வரும்," என்றார். "இங்க ஒரு கையெழுத்துப் போடு."

இப்படித்தான் நான் ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்தேன். எதில் கையெழுத்துப் போட்டேன் என்பதே மறுநாள் தேநீர் இடைவேளையில்தான் தெரிந்தது. அதற்குள் பேச்சுவார்த்தைக் குழுவிலும் என் பெயரைப் போட்டுவிட்டிருந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் குழுவில் இருக்கவேண்டும் என்பது சங்க விதியாம். "மத்தவங்க எல்லாம் உஷாராயிட்டாங்க தம்பி" என்று காரணமும் சொன்னார்.

அவர் நிலவியல் பேராசிரியர். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் முன்வரிசை மாணவன் கையில் ஒரு பாறைத் துண்டைத் திணித்து, "இது என்னடா?" என்பார். அவன் திருதிருவென விழித்து, "கல்லு, மேடம்" என்பான். வருடா வருடம் அதே கேள்வி, அதே பதில். கல்லு மேடம் என்பதே பெயராக நிலைத்துவிட்டது. அவர் அறைக்குள் போனால் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பது கல், காகிதங்கள் பறக்காமல் இருப்பது கல்லால், நாற்காலியில் உட்கார வேண்டுமானால் முதலில் நாலு கல்லை எடுத்துக் கீழே வைக்க வேண்டும்.

ஒரு நாள் அப்படி ஒரு பெட்டி நிறையக் கல்லைத் தன் வீட்டில் கொண்டுபோய்ப் போடச் சொன்னார். அவர் வீடு நான் அறை எடுத்திருந்த தெருவில்தான் இருந்தது. மூச்சு வாங்க மாடியேறி மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவர் ஒல்லியாக, உயரமாக, சிரிப்பதற்கென்றே செய்த முகத்தோடு இருந்தார். அவர் மேடத்தின் கணவர். ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். அக்கம்பக்கத்தில் ரேடியோக்காரர் என்றால்தான் தெரியும்.

"வாங்க வாங்க. ப்ரொபசர் அம்மா சுமைகூலி அனுப்பியிருக்காங்களா?"

"நான் கணித விரிவுரையாளர் சார்."

"அதனால என்ன, நல்லாத்தான் தூக்கறீங்க."

பெட்டியை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மேடமும் வந்து சேர்ந்தார். ரேடியோக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு தலை வாரிக்கொண்டார். "சரி, நான் கிளம்பறேன். இன்னிக்கு சின்ன வீட்டுக்குப் போற நாள்."

எனக்குப் புரையேறியது. மேடம் சமையலறையிலிருந்து தலையை நீட்டாமலே, "அவளக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார்.

என் முகம் போன போக்கைப் பார்த்து ரசித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்கள். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய், டயாலிசிஸ் இயந்திரத்தோடு கையைப் பிணைத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். அந்த இயந்திரம்தான் சின்ன வீடு. "பாருங்க தம்பி, அவளுக்கு ஒரு நாள் டிமிக்கி குடுக்க முடியாது. வீட்டுக்காரிகிட்டயாவது பொய் சொல்லித் தப்பிக்கலாம்" என்றார்.

அங்கே பக்கத்துக் கட்டிலில் அவருக்கு ஒரு கூட்டாளியும் இருந்தார். அந்தக் கூட்டாளி எங்கள் பல்கலைக்கழகத்துப் பி.டி. சார்தான் என்று தெரிந்தபோது நம்பவே முடியவில்லை. அகன்ற தோளும் கழுத்தில் விசிலுமாக, மைதானத்தின் ஒரு மூலையில் நின்று ஊதினால் மறு மூலையில் படுத்திருக்கும் நாய் எழுந்து ஓடும். அவருக்கும் அதே நோய். பல்கலைக்கழகத்தில் எங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் பையன்கள் தன் விசிலுக்குப் பயப்படமாட்டார்கள் என்பது அவர் கவலை. இரண்டு பேருக்கும் ஒரு கை இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும். மிச்சமிருக்கும் ஒரு கையால் சீட்டு விளையாடுவார்கள். சீட்டுகளைச் சோப்பு டப்பாவின் விளிம்பில் செருகி நிறுத்தி வைத்துக்கொள்வார்கள். ரேடியோக்காரர் எட்டிப் பார்த்து ஏமாற்றுவார் என்று பி.டி. சார் நர்சிடம் புகார் சொல்வார்.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். ஆனால் நிர்வாகம் அந்த வருடம் மருத்துவத் திட்டத்தில் கை வைத்தது.

அதுவரை ஆசிரியர்கள் எல்லோரும் மாதா மாதம் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுப்போம். மருத்துவமனைச் செலவைத் திட்டம் பார்த்துக்கொள்ளும். செலவு ஏறிவிட்டது என்று நிர்வாகம் புதிய யோசனை ஒன்றைக் கொண்டுவந்தது. மாதப் பங்கைக் கொஞ்சம் குறைப்பார்கள். அதற்குப் பதிலாக, நாமோ நம் குடும்பத்தாரோ மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் நம் கையிலிருந்து ஒரு கட்டணம் கட்ட வேண்டும். பெரிய தொகை இல்லை, ஒரு சினிமா டிக்கெட் விலைதான் என்றார்கள்.

ஆசிரியர் அறையில் பாதிப் பேருக்கு இது பிடித்துவிட்டது. வருடத்துக்கு ஒரு தடவை காய்ச்சலுக்குப் போகிறவனுக்கு இது லாபம்தானே.

அன்று மாலை நான் மேடம் வீட்டில் இருந்தேன். நிர்வாகத்தின் அறிவிப்பை மேசைமேல் போட்டுவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார். ரேடியோக்காரர் அதை எடுத்துப் படித்தார்.

"ஓஹோ. சின்ன வீட்டுக்கு வாடகை ஏத்திட்டாங்களா?"

"ஒரு சினிமா டிக்கெட் வெலதானாம்," என்றார் மேடம்.

"அதுக்கென்ன. வாரம் மூணு சினிமா. வருஷம் பூரா. ஒரே படம்." அவர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. அப்படி வருடம் முழுக்கக் கட்டினால் மேடத்தின் சம்பளத்தில் வீட்டு வாடகையும் மருந்துச் செலவும் பழைய கடன்களும் போக மிச்சம் என்ன நிற்கும் என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ரேடியோக் கடையை ஏற்கெனவே விற்றாகிவிட்டது. இனி விற்பதற்குக் கல்தான் இருந்தது.

"நாளைக்குப் பேச்சுவார்த்தை மேசையில இத எடுத்துச் சொல்லிடலாம் மேடம்," என்றேன்.

"வாயத் தொறக்காத. சொந்தக் கதை மேசைக்கு வந்துட்டா அப்புறம் அது பேச்சுவார்த்தை இல்ல தம்பி. துக்கம் விசாரிக்கறது."

மறுநாள் முதல் சுற்று. நிர்வாகக் கட்டிடத்தின் மேல்மாடியில் நீளமான மேசை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஏசி குளிரில் எங்கள் எல்லோருக்கும் மூக்கு ஒழுகியது. அதுவே ஒரு பேச்சுவார்த்தை உத்தி என்பது மேடத்தின் கட்சி. அந்தப் பக்கம் பதிவாளர். அவர் நாற்காலி மட்டும் மற்றவற்றைவிடச் சற்று உயரம். அவர் பக்கத்தில் நிதி அலுவலர். இவர் புள்ளியியல் பேராசிரியராக இருந்து நிர்வாகத்துக்குப் போனவர் என்பதால் புள்ளி என்றே அழைத்தோம். அதற்கும் முன்னால் எங்கள் சங்கத்துக்கே பொருளாளராக இருந்தவர். அந்தப் பக்கம் போய்விட்டாலும் மேடத்தை இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர். சங்கத் தலைவர் தத்துவத் துறை. அவர் பக்கத்தில் பொருளாதாரப் பேராசிரியர். பிறகு மேடம், கடைசியில் நான்.

பதிவாளர் திட்டத்தை விளக்கி முடித்தார். மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் பொருளாதாரம் கையைத் தூக்கினார்.

"நேர்மையாச் சொல்லணும்னா, அவங்க வாதத்துலயும் ஒரு நியாயம் இருக்கு. கட்டணம் இருந்தாத்தான் தேவையில்லாம ஆஸ்பத்திரிக்குப் போறது குறையும். இதுக்கு ஆய்வு எல்லாம் இருக்கு."

பதிவாளர் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

"நியாயம்னு எத வெச்சுச் சொல்றீங்க?" என்றார் தத்துவம், ஆவலோடு.

அடுத்த அரை மணி நேரம் எங்கள் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் நியாயம் என்றால் என்ன என்று ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். எங்கள் ஊரில் மாடு விற்கப் போகிறவன், "கொஞ்சம் முட்டும், பாலும் அவ்வளவா இல்ல" என்று தானே ஆரம்பித்தால் கூட வந்தவன் அவன் வாயைத் துண்டால் கட்டிவிடுவான். படித்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. எந்த வாதத்தைப் பார்த்தாலும் அதில் ஓட்டை எங்கே என்று தேடுவதுதான் இவர்கள் பிழைப்பு. சொந்த வாதமாக இருந்தாலும் விடமாட்டார்கள்.

வெளியே வந்ததும் மேடம் வெடித்தார்.

"ஏன் சார், அவங்களுக்கு வக்கீல் இல்லைன்னு பாவப்பட்டுப் போனீங்களா?"

"உண்மைய மறைக்கச் சொல்றீங்களா மேடம்?" என்றார் பொருளாதாரம், உண்மையாகவே மனம் புண்பட்டு.

"மறைக்க வேண்டாம். முழுங்குங்க."

அவர்கள் போன பிறகு நான் நடைக்கூடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். புள்ளி மெல்ல வந்து மேடத்தின் பக்கத்தில் நின்றார். நான் இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"அக்கா, அண்ணன் விஷயம் எனக்குத் தெரியும். மனசு கேக்கல. திட்டத்துல ஒரு வரி சேத்துடறேன். சிறப்பு நேர்வுன்னு போட்டு அண்ணனுக்கு மட்டும் கட்டணம் கெடையாது. நீங்க மேசையில கொஞ்சம் விட்டுக் குடுத்தாப் போதும்."

"அந்த வரியில எத்தன பேரு அடங்குவாங்க?"

"ஒருத்தர்தான்க்கா. ரெண்டு பேரு ஏறினாலே பதிவாளர் அடிச்சிடுவாரு."

மேடம் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். மறுபடி குத்திக்கொண்டார். "உங்க அண்ணனக் கேட்டுச் சொல்றேன்," என்றார்.

அவர் சபலப்பட்டார் என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை. ஆனால் அன்று தெருவில் வீடு வரைக்கும் விறுவிறுவென்று நடந்தார். வழியில் கிடந்த ஒரு கல்லைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். ரேடியோக்காரர் முகத்தை முதல் தடவையாகச் சிரிப்பு இல்லாமல் பார்த்தேன்.

"எனக்கு மட்டுமா?"

"உங்களுக்கு மட்டுந்தான்."

"பி.டி.க்கு?"

"இல்ல."

அவர் கொஞ்ச நேரம் தன் கையிலிருந்த ஊசித் தழும்புகளைத் தடவிக்கொண்டிருந்தார். "அந்த முட்டாப் பய இப்பவே முடிவு பண்ணிட்டான். கட்டணம் வந்தா வாரத்துல ரெண்டு நாள் போதும்னு கொறைச்சுக்கப் போறானாம். ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்களாம். டாக்டர்கிட்டக் கேட்டியாடான்னா, கேட்டா வேண்டாம்னு சொல்லுவாரு, அதான் கேக்கலங்கறான்."

ஒரு நாளைக் குறைத்தால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"அவன் வராத நாள்ல நான் யார ஏமாத்தி ஜெயிக்கறது?" என்றார் ரேடியோக்காரர் கடைசியில்.

"அப்ப வேண்டாம்னு சொல்லிடறேன்."

"ஏய், அவசரப்படாத. வேண்டாம்னு எதுக்குச் சொல்ற? யோசிக்கறேன்னு சொல்லு. அந்தப் புள்ளிப் பய நிம்மதியா இருக்கட்டும். நிம்மதியா இருக்கறவன்தான் வாய விடுவான்."

மேடம் நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்த அறிவிப்பு வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

இரண்டாவது சுற்றுக்கு மேடம் ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்தார். உள்ளே கடித்தால் பல் உடையும் ரக மிட்டாய்கள். வாசலிலேயே நிறுத்தி எங்கள் மூன்று பேர் வாயிலும் ஆளுக்கு ரெண்டு போட்டார்.

"தொண்டைக்கு நல்லது. முழுங்கக் கூடாது, கடிக்கக் கூடாது. தீரத் தீர இங்கேர்ந்து எடுத்துப் போட்டுக்கணும்."

"உள்ள போய்ப் பேச வேண்டாமா?" என்றார் தலைவர், கன்னம் உப்பி.

"தலைவர்னா பேசணும்னு இருக்கா? கம்பீரமா உக்காருங்க."

உள்ளே போனோம். புள்ளி மேடத்தைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார். மேடமும் பதவிசாகப் புன்னகைத்தார். தான் என்ன செய்யப்போகிறார் என்று எங்களுக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அதிலும் ஓட்டை கண்டுபிடிப்போம் என்று அவருக்குத் தெரியும்.

"சார், நாங்க நல்லா யோசிச்சோம்," என்று ஆரம்பித்தார். "உங்க அறிக்கையிலயே இருக்கு. சராசரியா ஒரு ஆசிரியர் குடும்பம் வருஷத்துக்கு நாலு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகுது. நாலே தடவை. அப்ப ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு நாலு தடவைதான் கட்டணம் கட்டப் போறோம். இது எங்களுக்குப் பெரிய பாரமே இல்ல. ஒத்துக்கறோம்."

நான் கணிதக்காரன். இப்படி எழுதிய மாணவனுக்கு நான் பூஜ்யம் போட்டிருப்பேன். வாயைத் திறக்கப் போனேன்; மிட்டாய் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேடத்துக்கு அந்தப் பக்கம் பொருளாதாரம் சிவந்துபோய், மூக்கால் "ம்ம்ம், ம்ம்ம்" என்று முனகினார். மேடம் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார்.

பதிவாளருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷம் மேடம். அப்ப கையெழுத்து…"

"ஒரே ஒரு சின்ன விஷயம் சார். எல்லாரும் நாலு தடவைதானே போறோம்? அதனால நாலு தடவைக்கு மேல கட்டணம் கெடையாதுன்னு ஒரு வரி போட்டுடலாம். யாரும் அதுக்கு மேல போகப் போறதில்ல. உங்களுக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. சும்மா ஒரு அழகுக்கு."

பதிவாளர் யோசித்தார். "அழகுக்குன்னா… போடலாமே," என்றபடி புள்ளியைத் திரும்பிப் பார்த்தார்.

புள்ளி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டிருந்தார். இருபது வருடங்களுக்கு மேல் புள்ளியியல் நடத்திய மனிதர். அவர் எதிரில் ஒருவர் சராசரியை இப்படிக் கழுத்தைத் திருகிக் கொல்கிறார். அதைத் தன் பக்கத்துப் பதிவாளரும் நம்புகிறார். எந்த ஆசிரியனால் பொறுக்க முடியும்?

"இல்லக்கா. அது தப்பு. சராசரி நாலுன்னா எல்லாரும் நாலு தடவை போறாங்கன்னு அர்த்தமே இல்ல."

"அப்படியா? நாலுன்னா நாலுதானே சார்?" என்றார் மேடம், முன்வரிசை மாணவன் மாதிரி திருதிருவென விழித்து.

அதோடு புள்ளி எழுந்துவிட்டார். மார்க்கர் பேனாவை எடுத்து வெள்ளைப் பலகைக்குப் போனார். இடது பக்கம் ஒரு மலை போல வரைந்தார். அதிலிருந்து வலது பக்கம் பலகை முடியும் வரை ஒல்லியாக ஒரு கோட்டை இழுத்தார்.

"இத நல்லாப் பாருங்க. முக்கால்வாசிப் பேரு இந்த மலையிலதான் இருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவை, இல்ல அதுகூட இல்ல. இந்தக் கோட்டுல, இந்த வால்ல, கொஞ்சம் பேரு இருக்காங்க. அவங்க வருஷத்துக்கு நூத்தைம்பது தடவைகூடப் போறாங்க. ரெண்டையும் கலந்து வகுத்தா நாலு வருது. நாலு தடவை போற ஆளுன்னு பாத்தா இங்க ரொம்பப் பேரு கெடையாது!"

"சார்," என்றார் பதிவாளர் அடிக்குரலில், அவர் சட்டை நுனியை இழுத்து.

"ஒரு நிமிஷம் சார், புரிய வெச்சிடறேன்." அவர் குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டிருந்தது. "மலையில இருக்கறவங்க பெருசா ஒண்ணும் கட்டப் போறதில்ல. அப்ப இந்தத் திட்டத்துல வர்ற பணம் பூரா எங்கேர்ந்து வரும்? எல்லாம் இந்த வால்ல இருக்கறவங்க தலையிலதான் விழும். அவங்க நோயாளிங்க. ஆசைப்பட்டுப் போறவங்க இல்ல, போகலன்னா…"

அங்கே நின்றுவிட்டார். மார்க்கர் பேனா அந்தரத்தில் நின்றது. அறையில் ஏசி சத்தமும் பொருளாதாரம் மிட்டாய் உறிஞ்சும் சத்தமும் மட்டும் கேட்டன.

"போகலன்னா என்ன சார் ஆகும்?" என்றார் மேடம். இப்போது அவர் குரலில் மாணவன் இல்லை.

புள்ளி பலகையைப் பார்த்தார். தான் வரைந்த வாலைப் பார்த்தார். "அக்கா, என்னை இப்படி…"

"நல்ல பாடம் சார். எனக்கு நல்லாப் புரிஞ்சுது. உக்காருங்க, ஒரு மிட்டாய் எடுத்துக்குங்க."

"இங்க நிதி அலுவலர் பேசினதெல்லாம் அவரோட சொந்தக் கருத்து. பதிவுல ஏறாது," என்றார் பதிவாளர் அவசரமாக.

தலைவர் மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். "சொல்லப்பட்ட ஒரு உண்மை, பதிவுல ஏறலங்கறதால உண்மை இல்லாம ஆயிடுமா?"

"தலைவரே, மிட்டாய்," என்றார் மேடம்.

பிறகு நடந்தது சீக்கிரமே முடிந்தது. நாலு தடவைக்கு மேல் கட்டணம் இல்லை என்பதைப் பதிவாளர் இப்போது அழகுக்குக்கூடப் போட மறுத்தார். அந்த வரம்பைப் போட்டால் திட்டத்தின் பணத்தில் விழும் பள்ளம் எவ்வளவு என்று மேடம் புள்ளியைக் கேட்டார். அவர் பதிவாளரைப் பார்க்காமல் பலகையிலேயே கணக்குப் போட்டார். பள்ளத்தில் பாதியை நிர்வாகம் நிரப்பினால், மீதிக்கு ஆசிரியர் ஒவ்வொருவரும் மாதத்துக்கு இரண்டு தேநீர்க் காசு கூடுதலாகக் கொடுத்தால் போதும் என்று வந்தது. கணக்கில் தப்பு இருக்கிறதா என்று பதிவாளர் திரும்பத் திரும்பக் கேட்டார். "என் கணக்குல தப்பு வராது சார்," என்றார் புள்ளி, வருத்தமும் பெருமையும் கலந்து. கடைசியில் பதிவாளர் ஒரு நிபந்தனையோடு இறங்கினார். ஆசிரியர்கள் தங்கள் பங்கைத் தருவதாகச் சங்கப் பொதுக்குழுவில் வாக்களிக்க வேண்டும். வாக்குத் தோற்றால் பழைய யோசனைதான். மலையில் இருப்பவர்கள் வாலுக்காகக் காசு தரமாட்டார்கள் என்று அவருக்கு நம்பிக்கை.

அந்த நம்பிக்கை வீண் போகவில்லை என்றுதான் பொதுக்குழுவில் முதலில் தோன்றியது. மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடம் மேடையேறி, புள்ளி வரைந்த அதே மலையையும் வாலையும் பலகையில் வரைந்து விளக்கி முடித்தார். இயற்பியல் துறையில் ஒருவர் எழுந்தார். தினமும் காலையில் ஓடுகிறவர். அதைத் தினமும் எல்லோருக்கும் சொல்கிறவர்.

"நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போறதில்ல. உடம்பப் பாத்துக்கறேன். பாத்துக்காதவங்களுக்காக நான் எதுக்குக் கட்டணும்?"

கைதட்டல் விழுந்தது, கொஞ்சம் பலமாகவே.

பொருளாதாரம் எழுந்தார். அன்று யாரும் மிட்டாய் தரவில்லை. "நேர்மையாச் சொல்லணும்னா, அவர் சொல்றதுலயும்…" என்று ஆரம்பித்ததும் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது மண்டபம் அதிரும்படி ஒரு விசில் சத்தம். பேச்சு நின்றது. கடைசி வரிசையில் பி.டி. சார் எழுந்து நின்றார்.

"ஓடறவரே, நேத்து மைதானத்துல எத்தன சுத்து ஓடினீங்க?"

"ஆறு," என்றார் இயற்பியல், பெருமையாக.

"நான் உங்க வயசுல இருபது ஓடுவேன்," என்றபடி பி.டி. சார் தன் முழுக்கைச் சட்டையின் பட்டனைக் கழற்றி முழங்கை வரை சுருட்டினார். இரத்தக் குழாய் கயிறு போலப் புடைத்து, மேலெல்லாம் ஊசித் தழும்பு. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து, பார்த்தபடியே இருந்தார்கள். "ரெண்டு வருஷமா வாரம் மூணு நாள் டயாலிசிஸ். உடம்பப் பாத்துக்காமப் போனதில்ல. கெடச்ச உடம்பு அப்படி. அந்த வால்ல நான் இருக்கேன். எனக்குப் பக்கத்துக் கட்டில்ல மேடத்தோட வீட்டுக்காரர் இருக்காரு."

மேடம் முகம் கறுத்தது. தன் கதை மேசைக்கு வரக்கூடாது என்று கட்டிக் காத்தவர். அது மண்டபத்துக்கே வந்துவிட்டது.

யாரோ "அடப் பாவமே" என்று முணுமுணுத்தார்கள். பி.டி. சார் உடனே அந்தப் பக்கம் திரும்பினார்.

"பாவம் எல்லாம் படாதீங்க. பாவப்படறதுன்னா நான் சீட்டுல தோக்கறதுக்குப் படுங்க. நாங்க அங்க சீட்டு வெளையாடறோம். அந்த மனுஷன் எட்டிப் பாத்து ஏமாத்தறாரு. கேட்டா, கழுத்து சுளுக்குங்கறாரு. மேடம், நீங்களாவது வீட்டுல சொல்லி வைங்க."

ஒரு கணம் கழித்துச் சிரிப்பு வெடித்தது. மேடமும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லிப் பாத்துட்டேன் சார்," என்றார். "என்கிட்டயும் அப்படித்தான் வெளையாடறாரு."

பொருளாதாரம் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "நான் சொல்ல வந்தது என்னன்னா, அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, ஆனா அது தப்பான நியாயம்," என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு சுருக்கமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அதற்கு விழுந்த கைதட்டல்தான் அன்றைக்கு மிகப் பெரியது.

வாக்கெடுப்பில் கைகள் உயர்ந்தன. எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. இயற்பியல் கடைசியாகத் தூக்கினார், பாதிக் கையை மட்டும். மேடம் மேடையிலிருந்தே, "முழுசாத் தூக்குங்க தம்பி, கைக்கும் ஒரு பயிற்சி" என்றார்.

புள்ளிக்கு அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. மேடம் அதைக் கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஆனால் அடுத்த பருவத்தில் புள்ளி நிர்வாகத்தை விட்டுப் புள்ளியியல் துறைக்கே திரும்பி வந்து, மறுபடியும் சங்கத்துக்குச் சந்தா கட்டினார். ரசீது எழுதியது மேடம்தான். உடம்புக்கு ஏதாவது இருக்கா என்று அவரிடம் மட்டும் கேட்கவில்லை.

கல்லு மேடம் போன கோடை விடுமுறையோடு ஓய்வு பெற்றார். அதே தெருவில், அதே மாடி வீட்டில் இருக்கிறார். ரேடியோக்காரரும் பி.டி. சாரும் வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளும் குறையாமல், ஒரே ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போய் வருகிறார்கள். மேடம் சங்கத்தில் ஓய்வுபெற்றோர் பிரிவுக்குச் செயலாளராக இருக்கிறார். இந்த மாதம் ஓய்வு பெற்றவர்களுடைய மருந்துச் செலவு பற்றி நிர்வாகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்.